இரண்டாந்தண்ணிக் காப்பி

கொதிநீர் பட்டவுடன் காப்பித்தூள் மெல்ல உப்பி எழுந்து, பின் நடுவே குழிந்து அடங்கும்போது கிளம்பும் மணம், எருத்தேன்பதியில் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து மாட்டுத்தொழுவம் வரை எட்டும். பித்தளைப் "போசி"யின் வாயில் வெள்ளைத் துணியைச் சற்றே தொய்வாகக் கட்டி, அதில் தூளை இட்டு, அம்மா நீரைச் சிறிது சிறிதாகச் சுற்றி ஊற்றுவார். முதலில் இறங்கும் கரிய சாறு "மொதத்தண்ணி". அதே தூளின்மேல் மறுபடியும் ஊற்ற இறங்குவது "ரெண்டாந்தண்ணி". மொதத்தண்ணி, வரக்கூடிய விருந்தினருக்கென்று தனியே மூடி வைக்கப்படும். வீட்டாருக்கு, நிலத்துக்கு உரியவரான அப்பாவுக்கும்கூட, ரெண்டாந்தண்ணிதான்.

ஐம்பதுகளின் நடுவில், சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த மாமா காய்ச்சலில் இறந்துபோக, தோட்டத்தார் கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவின் தங்கை எங்களிடம் வந்து சேர்ந்தார். ஏலப்பாறையில் மாமாவின் தம்பி இருந்தார். ஆனால் அண்ணன் மனைவியை வைத்துக் காப்பாற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. ஆகவே அத்தைக்கு எங்கள் வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை, "நான் இங்கேயே இருக்கலாமா?" என்று கேட்கும் துணிவும் இல்லை.

அம்மா அவரை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். துடைப்பத்தைத் தொட்டாலும் பிடுங்கிக்கொண்டு உட்காரச் சொல்வார். நாள்தோறும் மொதத்தண்ணியில் கெட்டிப்பாலும் வெள்ளைச் சர்க்கரையும் கலந்து, என் கையில் கொடுத்து அத்தைக்கு அனுப்புவார். வாரங்கள் செல்லச் செல்ல, அத்தை அந்தத் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்திருப்பதைக் கண்டேன். மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டம்மாள் ஒருநாள், "விருந்தாளிக்கு எப்பங்க வண்டி கட்டறீங்க?" என்று அம்மாவிடம் விளையாட்டாகக் கேட்டுவிட்டுப் போனார். அது அத்தையின் காதிலும் விழுந்தது.

மறுநாள் காலை அத்தை அப்பாவின் எதிரே வந்து நின்று, "சித்தூருக்கு வண்டி கட்டச் சொல்லுங்கண்ணா. ஏலப்பாறைக்கே பஸ்ஸேறிக்கறேன்" என்றார்.

அப்பா திகைத்துப்போனார். "இங்க உனக்கு என்ன கொறை வெச்சோம்?"

"ஒரு கொறையும் வெக்கலீங்கண்ணா. அதுதான் எனக்குத் தாங்கல. ஊட்டு ஆளை யாருங்க இப்படிக் கவனிப்பாங்க?"

அப்பாவுக்கு விளங்கவில்லை, அடுப்பருகே இருந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அத்தைக்கென்று ஆற்றி வைத்திருந்த தம்ளரை ஒதுக்கி மூடினார். சக்கையின்மேல் மறுபடி நீர் ஊற்றி, இறங்கியதில் நாட்டுச்சர்க்கரையைக் கலக்கி, தாமே கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தார்.

"இந்தா அம்மிணி, குடிச்சுப்போட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டு. எனக்கு இடுப்பு ஒடியுது."

அத்தை ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்து, "என்னுங்க நங்கை, வெந்நியாட்ட இருக்குது" என்றார். எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்றே அழைப்போம்.

"மொதத்தண்ணி வேணும்னா ஏலப்பாறைக்குப் போயிட்டு விருந்தாளியா வா."

அத்தை சிரித்தார், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எங்கள் வீட்டுக் காப்பியில் அவர் குறை கண்டது அதுவே முதன்முறை. அதன்பின் தம் இறுதிக்காலம் வரை குறை சொல்லிக்கொண்டே எங்களுடன் இருந்தார்.

இன்று கோயம்புத்தூரில் என் மகன் வீட்டில் கண்ணாடிப் புனலுக்குள் தாளை வைத்து, தூளை இட்டு, அம்மா ஊற்றியதைப் போலவே நீரைச் சுற்றி ஊற்றுகிறார்கள். ஒருமுறை இறங்கியவுடன் தாளையும் சக்கையையும் சேர்த்துக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். மருமகள் மிகுந்த மரியாதையுடன் முதல் கோப்பையைத் தட்டில் வைத்து எனக்கே கொண்டுவருகிறாள், நல்ல பெண். எழுந்துபோய் ஏதேனும் வேலையில் கை வைத்தால், "நீங்க உக்காருங்க" என்கிறாள். ரெண்டாந்தண்ணி கேட்கலாமென்றால், இந்த வீட்டில் அது இறங்குவதே இல்லை.