எதிரணியின் மணியை அடித்த ஞாயிறு

எண்பதுகளின் நடுவில், துன் நகரத்து ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே தலைமைச் சமையற்காரருக்குச் சொந்தமான ஒரு வானொலி இருந்தது. அந்த மனிதர் ஐஸ் ஹொக்கிப் பைத்தியம். அவருடைய அணி கோல் போட்டால் எங்கள் எல்லோருக்கும் ஒரு தட்டு பொரித்த உருளைக்கிழங்கு வரும். கோல் வாங்கினால் ஏச்சு வரும். முதலில் உருளைக்கிழங்குக்காகத்தான் அந்த அணியின் ரசிகனானேன். ஒரு குளிர்காலம் போனபின் அது தோற்ற நாட்களில் எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஆட்டத்தை நான் கண்டதே இல்லை. இரண்டு குளிர்காலம் காதால் கேட்டதோடு சரி. வானொலியில் ஆட்டத்தை வர்ணிப்பவர் மூச்சுக்கு மூச்சு 'ஷீபே' என்று கத்துவார். குசினியில் ஷீபே என்றால் மெல்லியதாக வெட்டிய பன்றியிறைச்சித் துண்டு. அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி ஷீபே என்று சொன்னால் அது நான் துடைக்க வேண்டிய ஜன்னல் கண்ணாடி. இந்த இரண்டில் எதை மட்டையால் அடிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பிழை விட்டவனை இரண்டு நிமிடத்துக்கு 'பங்க்'குக்கு அனுப்புவதாகவும் அவர் சொல்வார். பாங்குகளுக்குப் பேர்போன இந்த நாட்டில் எல்லா வழியும் பாங்கில்தான் போய் முடிகிறது, விளையாட்டுக்காரனும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையிலும் பாங்க் திறந்திருப்பதுதான் கொஞ்சம் இடித்தது.

அந்தத் தை மாதம் சமையற்காரர் தன் வீட்டு வாசலிலேயே பனியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு பிற்பகல் வெளியூரில் ஆட்டம். அவர் கையில் இரண்டு நுழைவுச் சீட்டு. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி, மகளைக் கட்டிக்கொடுக்கும் முகத்தோடு அவற்றை என்னிடம் நீட்டினார். "இடப்பக்க வாசல். அங்கேதான் எங்கள் ஆட்கள் நிற்பார்கள். என் இடத்தில் நின்று கத்து," என்றார். அணியின் பெயர் போட்ட தன் கழுத்துச் சால்வையையும் தந்தார்.

மற்றச் சீட்டுக்கு என் அறைத் தோழரைக் கூப்பிட்டேன். மட்டக்களப்புக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர், முதியோர் இல்லத்தில் வேலை. நான் அவரை அண்ணை என்பேன்.

"வெளியில கிடக்கிற ஐஸ் காணாதெண்டு, உள்ளுக்க வேற போய்ப் பாக்கணுமா தம்பி?" என்றார்.

"ஒருக்கா வாங்கோ அண்ணை. பிடிக்காட்டி இடையில எழும்பி வருவம்."

இரண்டு காற்சட்டை, மூன்று சுவெட்டர் போட்டுக்கொண்டு அவர் வந்தார்.

சமையற்காரர் எப்போதும் காரில் போகிறவர். கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால்தான் அவர் சொன்ன இடப்பக்கம். நாங்கள் ரயில் நிலையத்திலிருந்து, அதாவது மண்டபத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தோம். எங்கள் இடது அவருடைய வலது. இது உள்ளே போய், சனத்துக்கு நடுவில் அசைய முடியாமல் இறுகிய பிறகுதான் தெரிந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் எதிரணியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். என் சால்வை குளிருக்காக இழுத்துப் பூட்டிய ஜக்கெட்டுக்குள் இருந்தது. அதை அங்கேயே இருக்க விட்டேன்.

எல்லோர் கையிலும் மாட்டு மணி. அண்ணை காதைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, மாட்டையும் கூட்டி வந்திருக்காங்களோ?"

எங்களுக்குப் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பருத்த அம்மா நின்றார். அவர் மணி சோற்றுப்பானை அளவு. அண்ணை நடுங்குவதைக் கண்டு தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அதில் பாதி ரம். அண்ணை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"வயித்துக்க விளக்கு வெச்ச மாதிரிக் கிடக்கு. இந்த மனிசி நல்ல மனிசி."

ஆட்டம் தொடங்கியது. ஷீபே என்பது கறுப்பு ரப்பர் வட்டு என்று கண்டேன். அதாவது, கண்டேன் என்று சொல்லிக்கொண்டேன். அது போன வேகத்தில் எல்லோரும் தலையைத் திருப்பும் பக்கம் நானும் திருப்பினேன். பிறகு எங்கள் ஆள் ஒருவன் எதிராளியின் காலில் மட்டையைப் போட்டான். அவனைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வாங்கில் இருத்தினார்கள். பங்க் என்றால் வெறும் வாங்கு! எங்கள் பள்ளிக்கூடத்தில் குழப்படிகாரனை வாங்குக்கு மேலே ஏற்றுவார்கள், இங்கே இருத்துகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாம் பகுதியில் ஆளுக்கொரு கோலோடு சமநிலை. அந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடி புகார் பிடித்து மங்கிவிட்டது. "கொஞ்சம் பிடி," என்று மணியை என் கையில் தந்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் அணி கோல் போட்டது.

என் கை என்னைக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கி அடித்தேன். அந்தப் பக்கம் முழுவதும் இழவு வீடு மாதிரி அமைதியாயிருக்க, ஒரேயொரு மணி மட்டும் கிடந்து அலறியது.

கண்ணாடி இல்லாத அம்மா என்னைப் பார்த்து, "கோலா? யார், நாங்களா?" என்றார்.

"ஓம், நாங்கள்தான்!" என்றேன். பொய் இல்லை.

அவர் துள்ளிக் குதித்து என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு அண்ணையைக் கட்டிப்பிடித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோல் பலகையைப் பார்த்தார். மணியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"நீ எங்கேயிருந்து வருகிறாய்?"

அந்தக் காலத்தில் எல்லோரும் எங்களைக் கேட்கும் கேள்விதான். நான் ஜக்கெட்டைத் திறந்து சால்வையைக் காட்டினேன். "துன்."

ஒரு கணம் என் கதை முடிந்ததென்று நினைத்தேன். பின்னால் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நடுவரைப் போலக் கையை உயர்த்தி, "இரண்டு நிமிடம்!" என்று சொல்லிச் சீமெந்துப் படியைக் காட்டினார். நான் குந்தினேன். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் கணித்தார். என் முன்னால் முழங்கால்கள் மட்டும்தான் தெரிந்தன. நான் படியில் இருந்த அந்த இரண்டு நிமிடத்துக்குள் எதிரணி இரண்டு கோல் போட்டது. இரண்டாவது கோலுக்கு மணி அடித்தது யாரென்று எட்டிப் பார்த்தேன். அண்ணை.

மூன்றுக்கு இரண்டாகத் தோற்றோம். ரயிலில் அண்ணை வாய் ஓயாமல் கதைத்தார். "அவங்கட கோல்கீப்பர் என்னமாப் பாயிறான் தம்பி! மறுகா எப்ப மாட்ச்?"

"அண்ணை, நாங்கள் மற்றப் பக்கம்."

"நீ மற்றப் பக்கம். எனக்குத் தேத்தண்ணி தந்தது இந்தப் பக்கம்."

திங்கட்கிழமை வைத்தியசாலைக்குப் போய் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மணி அடித்த இடத்தில் சமையற்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். படியில் குந்திய இடத்தில் சிரிப்பு நின்றது. "ஏன் இருந்தாய்? நீ எழும்பி நின்றிருந்தால் அந்த இரண்டு கோலும் போயிராது," என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

மாசி மாதம் அந்த இரண்டு அணிகளும் மறுபடி மோதின. அன்று சமைப்பது அண்ணையின் முறை. எனக்குச் சோறு இறங்காத நாட்களை அறிந்தவர், ஆட்டம் தொடங்க முதலே தனக்கு மட்டும் ஒரு சுண்டு அரிசி போட்டார்.