சகாயமேரி ஏற்றுக்கொண்ட ஒரு சாண்

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்டின் டவுன் காய்கறிக் கடையில் நின்றிருந்தபோது எங்கள் ஏரிக் குழுவின் செயலாளர் அழைத்தார். "சார், நம்ம மேரி மேஸ்திரி போயிட்டாங்க. நேத்து சாயங்காலம். ஹார்ட்டு." கையில் அள்ளிய பீன்ஸோடு, அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவர் சொன்ன பிறகும் மறுபடி கேட்டேனாம். அடக்கத்துக்குப் போய் வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதே நான்கு முறை எழுந்துவிட்டேன்.

சகாயமேரி அவர்கள் நீலசந்திராவில் வாழ்ந்தவர். சித்தாளாகத் தொடங்கி மேஸ்திரி ஆனவர். நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். வைட்ஃபீல்டுக்கு அப்பால், ஏரியை ஒட்டிய சதுப்பு நிலம் மழையில் வெள்ளக்காடாகும். கோடையில் சேறு வெடித்துக் கோரை கருகும். பறவைகள் வருவதை நிறுத்தியிருந்தன. மேட்டில் இரண்டு குளங்கள் வெட்டி, மழைநீரைத் தேக்கி, கோடை முழுவதும் சிறிது சிறிதாகச் சதுப்புக்கு விடுவது குழுவின் திட்டம். மதகின் படிக்கு மேல் நிற்கும் நீர்தான் கீழே இறங்கும். முதல் குளத்தில் அந்தப் படியின் உயரத்தைக் குறித்துக் கொடுத்தவன் நான், கட்டியவர் அவர்.

ஒவ்வோர் அளவையும் மூன்று முறை பார்ப்பது என் வழக்கம். "இன்னா சார், பூமி நகருதான்னு பாக்கறீங்களா?" என்பார். ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

மதகு முடிந்த அன்று, மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தார். "சார், படி ஒரு சாண் ஒசரம். தண்ணி கொளத்துலயே நின்னுடும்."

"டியூப்ல காத்து இருந்திருக்கும் மேரிம்மா. கருவி பொய் சொல்லாது."

"நான் கருவியவா சொன்னேன்?"

அன்று மாலை தனியாகப் போய்ச் சோதித்தேன். சாலைப் பாலத்தின் சுவரிலிருந்த மட்டக் குறியிலிருந்துதான் என் அளவுகள் எல்லாம் தொடங்கின. அந்தச் சுவரை இடித்துக் கட்டியபோது யாரோ குறியைக் குத்துமதிப்பாக ஒரு சாண் மேலே வரைந்திருக்கிறார்கள். மூன்று முறை பார்க்கும் நான் அதை ஒருமுறைகூடச் சந்தேகிக்கவில்லை.

மறுநாள் அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார். "பிளான் தப்புன்னு நீங்க எழுதினா அது ஆபீஸ் ஆபீஸா சுத்தும் சார். மழை காத்துக்கினு நிக்குமா? மேஸ்திரி தப்பா கட்டிட்டான்னா ரெண்டு நாளு வேலை. என் மேல போடுங்க."

"அது நியாயமில்லம்மா."

"அப்ப கூட்டத்துல எழுந்து சொல்லுங்க. பாப்போம்."

கூட்டத்தில் எழுந்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "நான்தான் அளவு தப்பா புடிச்சிட்டேன். சரி பண்ணிடறேன்" என்றார். "இதுக்குத்தான் படிச்ச காண்ட்ராக்டர் வேணும்னேன்" என்றார் ஓர் உறுப்பினர். நான் குறிப்பேட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

சொன்னபடி இரண்டே நாளில் படியை உடைத்துக் கட்டினார். அந்த வாரமே மழை பிடித்தது. ஆனால் இரண்டாவது குளத்தின் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால், சொல்ல வேண்டியவற்றின் கடைசியில் அவர் பெயரை எழுதுவேன். கூட்டம் முடிவதற்குள் அடித்துவிடுவேன். வழியில் பார்த்தால், "எழுந்து நின்னீங்களா சார்?" என்று சிரிப்பார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம்.

ஞாயிறன்று இரங்கல் கூட்டத்தில் இதை நானே நின்று வாசிக்க வேண்டும். என் கால்களை எனக்குத் தெரியும். அதனால் இதன் நகலைச் செயலாளருக்கும், அந்த உறுப்பினருக்கும், மேரி அம்மாவின் மகளுக்கும் முன்பே அனுப்பிவிடுகிறேன்.

முதல் கோடையில் மதகைத் திறந்த காலை நினைவுக்கு வருகிறது. யாரும் அவரை அழைக்கவில்லை, தாமாகவே வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீருக்கு முன்னால் வெறுங்காலோடு நடந்து, சருகுகளைக் காலால் தள்ளிக்கொண்டே போனார். வெடித்த சேறு நீரைக் குடித்துக் குமிழிவிட்டது. கணுக்கால் மறையும்வரை நின்று, கரையிலிருந்த என்னைப் பார்த்துக் கூவினார்: "எறங்குது சார்!"

மேரிம்மா, தவறு என்னுடையது. உங்கள் வேலை இம்மியும் பிசகவில்லை. போய் வாருங்கள்.