மாமிக்கு ஒரு தேயிலைப் பெட்டி

கல்யாணம் முடிந்து, தீவில் மடத்துவெளி என்ற ஊரில் மனைவி வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடமாகியும், அந்த வீட்டில் என் பெயர் ‘அவர்’ என்பதாகவே இருந்தது. “அவருக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ?” “அவரைச் சாப்பிட வரச்சொல்லு பிள்ளை.” இப்படியெல்லாம் சொல்பவர் மாமி, அதாவது என் மனைவியின் தாயார். சொல்லும்போது நான் கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் கதிரையில் இருப்பேன். மனைவி என் பக்கம் திரும்பி, “இஞ்சாருங்கோ, அம்மா சாப்பிட வரட்டாம்” என்பாள். நானும் ஒன்றும் கேளாதவன் போல அப்போதுதான் எழும்புவேன்.

எங்கள் பகுதியில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பது குறைவு. அது மரியாதை. ஆனால் சில வீடுகளில் மரியாதை அளவோடு இருக்கும். எங்கள் வீட்டில் அது கொஞ்சம் கரைபுரண்டு ஓடியது. மாமி நல்ல மனுசி. எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்ததால் ஒடியற்கூழை வாரத்துக்கு இரண்டு தரம் காய்ச்சுவார். ஆனால் அதைக் கொண்டுவந்து வைப்பதும் மனைவிதான், ருசி எப்படி என்று கேட்பதும் மனைவிதான். வீடு மனைவியின் சீதனம். கிணறும், மோட்டரும், வேலியோரப் பூவரசுகளும், கோழிகளும் அவர்கள் பக்கம். நான் என் ஊரான வேலணையிலிருந்து கொண்டுவந்தது ஒரு சூட்கேசும் நாலு உளியும். அந்த வீட்டில் என்னை எல்லோரும் கவனித்தார்கள். ஆனால் நான் விருந்தாளி. அது எனக்கு எரிச்சலாக இருந்தது, சில நாட்களில் அழுகையாகவும் வந்தது.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு முன்பு நான் தெற்கே ஓர் ஊரில் எங்கள் ஆட்களின் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். பக்கத்தில் ஒரு மரப்பட்டறை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அங்கேதான் நிற்பேன். ஆணி இல்லாமல், இரண்டு கை விரல்களைக் கோத்தது போலப் பலகையின் பற்களைக் கோத்து தச்சர்கள் பெட்டிகளின் மூலை சேர்ப்பதைப் பார்க்க எனக்கு அலுக்காது. ஊருக்குத் திரும்பிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலையும் கிடைத்து, கல்யாணமும் ஆன பிறகு, அந்த மூலை கனவில்கூட வரத் தொடங்கியது. உளியால் அடித்துப் பார்த்தேன். பற்கள் வந்தன, கிழவர் வாய்ப் பற்கள் மாதிரி வந்தன. பலகையில் பள்ளம் வெட்டும் ரவுட்டர் மெசின் ஒன்று வாங்காமல் இது சரிவராது என்று முடிவெடுத்தேன்.

அதற்குள் குசினிக்குள் இருந்து மாமியின் அறிவிப்பு வந்துவிட்டது. “பெரிய மெசின் எடுக்க வேண்டாமெண்டு அவரிட்டைச் சொல்லு. கிணத்து மோட்டர் எரிஞ்சு போம்.”

யாழ்ப்பாணத்துக் கடையில் இரண்டு ரவுட்டர் இருந்தன. ஒன்று இரண்டு கையாலும் தூக்க வேண்டியது. அம்மிக்கல்லுக்குக் கைப்பிடி வைத்தது போல இருந்தது. மற்றது சிறிது. கடைக்காரர் பெரியதைத் தடவிக்கொண்டே, “அண்ணை, ஆம்பிளையள் எடுக்கிற மெசின் இதுதான்” என்றார். நான் சிறியதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடித்தட்டில் திருகாணித் துளைகள் இருந்தன. ஆகவே பலகைக்குக் கீழே தலைகீழாகத் தொங்கவிடலாம். வெட்டும் ஆழத்தை வைத்து இறுக்கிவிட்டு வெட்டுமுனையை அமத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. கால் அங்குல நேர் முனை அதற்குப் பொருந்தியது. நான் வெட்டப் போவது கோயில் கதவல்ல, கையகலப் பெட்டி. “எனக்கு இது காணும்” என்றேன். மாமிக்குப் பயந்து எடுத்ததென்று கடைக்காரருக்குச் சொல்ல முடியுமா? பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, தீவுக்கு வரும் பாதையின் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்தபடி பெரிய ஆள் மாதிரி வந்து சேர்ந்தேன்.

என்ன செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மாமி தேயிலையும் சீனியும் வைத்திருந்த பிஸ்கற் ரின் உப்புக்காற்றில் கறள் பிடித்து, மூடியைத் திறந்தால் அலறும். அதற்குப் பதிலாக நடுவில் தடுப்பு வைத்த ஒரு பூவரச மரப்பெட்டி. அதை நானே கையில் கொடுப்பேன். வாங்கும்போது ஒரு சொல்லாவது என் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தானே வேண்டும்? நல்லது, கெட்டது, எதுவானாலும் பரவாயில்லை.

வீட்டுக்குப் பின்னால் இறக்கிய பின்பத்தியில் ஒரு பழைய மேசையின் நடுவே துளையிட்டு மெசினைக் கீழே தொங்கவிட்டேன். வெட்டுமுனை மட்டும் மேலே தலைகாட்டும். அதற்குப் பக்கத்தில், ஒரு பல்லின் அகலம் தள்ளி, அதே அகலத்தில் ஒரு சின்ன மரக்கட்டை. பலகையை நிமிர்த்திப் பிடித்து ஓட்டினால் ஒரு வெட்டு. அந்த வெட்டைக் கட்டையில் மாட்டிவிட்டு ஓட்டினால் அடுத்த வெட்டு. கேட்க எளிது. முதல் நாள் இரண்டு பலகையையும் பல்லிலேயே தொடங்கிவிட்டேன். சேர்க்கப் போனால் பல்லுக்குப் பல் நேருக்கு நேர் வந்து நின்றது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாசலில் முட்டிக்கொள்வது போல. ஒன்று பல்லில் தொடங்கினால் மற்றது இடைவெளியில் தொடங்க வேண்டும். அடுத்த நாள் அது சரி. ஆனால் கட்டை மயிரளவு தள்ளி நின்றதால் பற்கள் தடித்துப் போய் உள்ளே இறங்க மாட்டோம் என்றன. ஆசிரியையான மனைவி திருத்தக் கொண்டுவந்த பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து தாள் கிழித்து, ஒரு தாள், இரண்டு தாள் என்று வைத்துக் கட்டையை நகர்த்தினேன். “பிள்ளையளின்ரை வீட்டுவேலையைக் கிழிச்சுப் போட்டீங்களே!” என்று அவள் சத்தம் போட்டாள். பழுதான பலகைகளை மாமி பொறுக்கி அடுப்புக்குக் கொண்டுபோவார்.

சனிக்கிழமை காலையில் மனைவி மேலதிக வகுப்பு எடுக்கப் போய்விடுவாள். நானும் மாமியும்தான் வீட்டில். நான் பல் வெட்டிக்கொண்டிருக்க மாமி கிணற்று மோட்டரைப் போட்டால் ரவுட்டர் முனகிச் சோர்ந்து, பலகை கருகிவிடும். நடுவில் சொல்ல ஆளில்லை. கடைசியில் மாமியே ஒரு வழி கண்டுபிடித்தார். மோட்டர் போட முன்னர் பானை மூடியில் அகப்பையால் ஒரு தட்டு. நான் நிறுத்திவிட்டு மேசையில் சுத்தியலால் ஒரு தட்டு. தண்ணீர் நிறைந்ததும் மறுபடி மூடிச் சத்தம். வாய் திறக்காமலே இருவரும் நன்றாகக் கதைத்துக்கொண்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, கடைசிப் பலகையின் நடுப்பல்லில் கரண்ட் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா? பலகையை மேசை விளிம்பில் வைத்துவிட்டு, வெட்டுமுனையில் அடைத்திருந்த பூவரசந் தூளை விரலால் நோண்டத் தொடங்கினேன். சுவிச் போட்டபடி. பிளக் சுவரில் கொழுவியபடி.

“டேய்! கையை எடடா!”

நான் திடுக்கிட்டதில் பலகை சரிந்து என் காலில் விழுந்தது. கிணற்றடிக்குப் போக வந்த மாமி பின்பத்தி வாசலில் நின்றார். “கரண்ட் வந்தா விரல் போயிடுமடா!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்து பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பிடுங்கிய வயரைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அப்போதுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். முகம் வெளிறிப் போனது. வயரை நிலத்தில் போட்டுவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

மருமகனை ‘டா’ போட்டு அழைத்த மாமியார் எங்கள் தீவில் வேறு யாராவது இருந்தார்களோ தெரியாது. எனக்கோ, கால் விரல் வீங்கிக்கொண்டிருக்க, முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. அவ்வளவு சந்தோசம்.

மனைவி மத்தியானம் வந்ததும் குசினிக்குள் நெடுநேரம் குசுகுசுப்பு. பிறகு அவள் வந்தாள். “அம்மா அழுதுகொண்டு நிக்கிறா. வாய் தவறி வந்திட்டுதாம். நீங்கள் கோவிச்சுக்கொண்டு வேலணைக்குப் போயிடுவீங்களோ எண்டு கேக்கிறா.”

நான் எழும்பி நேரே குசினி வாசலுக்குப் போனேன். அதுவரை அந்த வாசற்படியில் நான் கால் வைத்ததில்லை. மாமி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார்.

“மாமி,” என்றேன். “பெட்டிக்கு இன்னும் ஒரு பலகை இருக்கு. கரண்ட் வந்தா என்னைக் கூப்பிடுங்கோ. காலமை கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுங்கோ.”

மாமி திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாரோ சிரிக்கிறாரோ என்று தெரியவில்லை. மனைவிதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கரண்ட் பின்னேரம்தான் வந்தது. நான் முற்றத்தில் காலுக்கு ஒத்தடம் பிடித்துக்கொண்டிருந்தேன். குசினியிலிருந்து குரல் வந்தது, மெதுவாக.

“தம்பி, கரண்ட் வந்திட்டுது. விரலைக் கவனமாப் பாத்து வையுங்கோ.”

பக்கத்தில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த மனைவி பழக்கதோசத்தில் என் பக்கம் திரும்பினாள். “இஞ்சாருங்கோ, அம்மா சொல்லுறா, கரண்ட்...”

“ஓம், கேட்டது,” என்றேன். “எனக்குத்தான் சொன்னவ.”