நேராக்கிய உத்தரம்

உள்ளூர்க் கல்லூரியில் இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டு, பெரிய பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் படிப்புக்கு மாறிவிட வேண்டும். மடேரா ஊரில் ஒடிலியா செண்டேகாஸின் திட்டம் அவ்வளவுதான். விடிந்ததும் பாதாம் ஆலையில் வேலை, பகலில் கணக்கும் இயற்பியலும், சாயங்காலம் வரைபட வகுப்பு. எப்போது தூங்குவாய் என்று கேட்டால், இயற்பியல் வகுப்பில் என்பாள்.

மாறிப்போக மதிப்பெண் மட்டும் போதாது. சொந்த வரைபடங்களும் அனுப்ப வேண்டும். ஏதாவது ஒரு கட்டடத்தை நாடா பிடித்து அளந்து, உள்ளது உள்ளபடி வரையச் சொன்னார் ஆசிரியை ஹால்வர்சன். ஒடிலியா தன் தாய்மாமன் எரஸ்மோவின் விழா மண்டபத்தை எடுத்துக்கொண்டாள். அது ஒரு காலத்தில் பழக்கிடங்கு. ஆடுவதற்கு இடம் போதவில்லை என்று மாமா நடுத்தூணை அறுத்து எடுத்திருந்தார்.

அளவு இடித்தது. சுவரோரம் இருந்த உயரம் நடுவில் இல்லை, நான்கு விரல் குறைந்தது. புதிதாக அளப்பவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். நாடாவைத் தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, உத்தரத்தை நேர்கோடாக இழுத்துவிட்டாள். படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்தது. வகுப்பிலேயே முதல் மதிப்பெண். மாமா அதற்குச் சட்டம் போட்டு மண்டப வாசலில் மாட்டினார்.

அடுத்த பருவம், ஒரு சனிக்கிழமைக் காலை வகுப்பு. நடுவில் தாங்கும் தூணை எடுத்தால் உத்தரம் எங்கே தொய்யும் என்று ஹால்வர்சன் பலகையில் வரைந்து காட்டினார். ஒடிலியா எழுந்து நின்றாள். அந்தத் தொய்வை அவள் கையாலேயே அளந்திருந்தாள்.

"மிஸ், நான் அளந்தது சரிதான். வரையும்போது நான்தான் நேராக்கிட்டேன்."

ஹால்வர்சனின் முகம் வெளுத்தது. "இப்ப அந்த மண்டபத்துல யாராவது இருக்காங்களா?"

இருந்தார்கள். மாமா மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா. அவர்கள் வழக்கத்தில் அது கல்யாணம் மாதிரி, ஊரே அங்கேதான். ஹால்வர்சன் தீயணைப்புக்காரர்களுக்குப் போன் போட, ஒடிலியா காரை விரட்டினாள்.

மண்டபக் கதவு இறுகிப்போயிருந்தது. தோளால் இடித்துத்தான் உள்ளே போக முடிந்தது. மேளமும் எக்காளமும் காதைப் பிளந்தன. நாடாவை நடுவில் பிடித்தாள். இப்போது ஆறு விரல் குறைந்தது.

"மாமா, எல்லாரையும் வெளிய அனுப்புங்க. கூரை இறங்குது!"

"ஏன்டி என்ஜினீயரம்மா, படிச்சு முடிக்கிறதுக்குள்ளயே என் மண்டபத்துக்கு நாள் குறிக்கிறியா? நீ போட்ட படத்துல நேராத்தானே இருக்கு?"

அவள் நேரே போய் மின்சாரத்தை நிறுத்தினாள். ஜன்னலில்லாத மண்டபத்தின் இருட்டில் எல்லோரும் திட்டிக்கொண்டே வெயிலுக்கு வந்தார்கள். விரிந்த பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமா மகள் அழுதாள். அத்தை ஒடிலியாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கூரை விழவில்லை. தீயணைப்பு வண்டியும் இன்னும் வந்து சேரவில்லை. அத்தனை பேர் முறைப்பையும் வாங்கிக்கொண்டு நின்றவளுக்குக் கேவலமாக ஓர் ஆசை வந்தது. விழுந்து தொலையட்டும், நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

"பாத்தீங்களா? கல்லு மாதிரி நிக்குது," என்றார் மாமா. "நான் போய் கரண்ட்டப் போடுறேன். எல்லாரும் வாங்க, கேக் வெட்டலாம்."

அவர் உள்ளே போனார். மண்டபத்துக்குள் மரம் நீளமாக முனகியது.

"மாமா!" என்று ஒடிலியா அலறினாள். இந்த முறை யாரும் திட்டவில்லை.