செவந்தியின் இரண்டு கண்கள்

ஆலங்குடிப் பக்கம் கடலை விவசாயம் செய்த அழகுமலைக்கு, மூன்று பையன்களுக்குப் பிறகு பிறந்தவள் செவந்தி. ஒரு வயது முடிவதற்குள் அவளுடைய இடது கண் வெளிப்பக்கமாக ஒதுங்கிவிட்டது. அந்த வருஷம் கடலை ஒன்றுக்கு இரண்டாக விளைந்தது. ஒன்றரைக் கண் அதிர்ஷ்டம் என்று ஊரில் சொன்னார்கள். அழகுமலையும் நம்பினார்.

"மதுரைக்குக் கொண்டுபோயிக் காட்டுவோம்ங்க" என்று மனைவி ராசாத்தி கேட்கும்போதெல்லாம், "சாமி குடுத்த கண்ணுல கத்தி வைக்கச் சொல்றியா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

பதினோரு வயதில், கேலி தாங்காமல், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று செவந்தி படுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் இறங்கி வந்தார். 1957இல் மதுரையில் ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்தபோது கண் நேராக நின்றது. செவந்தி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.

ஆனால் தண்ணீர் ஊற்றினால் முன்போலவே டம்ளருக்கு வெளியே கொட்டியது. படி இறங்கும்போது கால் தடுமாறியது. கண் நேரானால் இதெல்லாம் தானாகச் சரியாகும் என்று நினைத்திருந்தார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு மறுபடியும் மதுரைக்குப் போனார்கள்.

டாக்டர் ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, இன்னொன்றைச் செவந்தியிடம் கொடுத்தார். "இந்த முனையைச் சட்டுனு தொடும்மா."

மூன்று தடவையும் தவறியது.

"கண்ணு நல்லா நேராயிருச்சு. ஆனா ரெண்டு கண்ணும் சேந்து பாக்கலை. சேந்து பாத்தாத்தான் எது கிட்ட, எது தள்ளின்னு ஒடனே தெரியும். அது சின்ன வயசுலயே மூளையில படியணும்."

"எந்த வயசுல கொண்டாந்திருக்கணும்ங்க?" என்று கேட்டார் அழகுமலை.

"மூணு, நாலு வயசுல வந்திருந்தா ஒருவேளை கெடைச்சிருக்கும்."

ராசாத்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

பஸ்ஸில் செவந்தி கேட்டாள்: "இனிமே வராதாப்பா?"

"வரும் ஆத்தா" என்றார் அழகுமலை. அவள் அதை நம்பி வருஷக்கணக்கில் காத்திருந்தாள்.

பிறகு விரலால் விளிம்பைத் தொட்டுப் பார்த்து ஊற்றப் பழகிக்கொண்டாள். அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் அழகுமலைக்குச் சோறு இறங்காது, பாதியில் எழுந்துவிடுவார். ராசாத்தி அவரை ஒரு வார்த்தைகூடக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

1965இல் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார், "கண்ணு ரெண்டும் என்ன லட்சணம்!" என்றாள்.

அழகுமலையால் தலையாட்டக்கூட முடியவில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போனவர், வந்தவர்கள் கிளம்பும்வரை திரும்பவில்லை.