அடியிறக்கத்தை மொழிபெயர்த்தவள்

பெண்கள் கிளினிக்கில் மொழிபெயர்ப்பது என்றால், ஒருத்தியின் வாயில் வராத ஒன்றை முதலில் தமிழில் வரவைத்து, பிறகு அதைச் சிங்களத்தில் சொல்லுகிற வேலை.

என் நியமனக் கடிதத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. அதில் நான் சாதாரண அற்றெண்டன். நம்பர் கூப்பிட வேண்டும், கட்டிலுக்குத் துணி மாற்ற வேண்டும், மறைப்புச் சீலையை இழுத்துவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் தெற்கில் ஒரு கார்மென்ட்ஸில் தைத்தவள் என்பதால் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். திருகோணமலைக்கு மாற்றலாகி வருகிற டொக்டர்மார் பலருக்குத் தமிழ் தெரியாது, வருகிற பெண்கள் பலருக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் நான் நிற்பேன்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு விளக்கம் தேவைப்படாது. தும்மல் வந்தால் கால்களை ஒட்டிக்கொண்டு நிற்பீர்கள். பின்னேரமாக ஆக அடிவயிற்றில் ஏதோ கனத்துத் தொங்குவதை வீட்டில் யாருக்கும் சொல்லியிருக்கமாட்டீர்கள். நாற்பத்தொன்பது வயதில், மூன்று பிள்ளை பெற்ற நானும் அப்படித்தான் இருந்தேன். ஆகவே உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

நாரி உளைவு

சல்லிக் கடற்கரையில் கருவாடு போடுகிற பரமேஸ்வரி அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூன்று மாதத்தில் இரண்டு தரம் கிளினிக்குக்கு வந்தார். இரண்டு தரமும் "நாரி உளையுது" என்றார், நானும் இடுப்பு வலி என்று மாற்றிச் சொன்னேன். கட்டிலில் ஏறச் சொன்னால், "இண்டைக்கு வேண்டாம்" என்பார். டொக்டர் குளிசை எழுதிக் கொடுப்பார். மூன்றாம் தரமும் அதே கதைதான். மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு கதவுவரை போனவர், அங்கே நின்று என் கையைப் பிடித்தார். "தங்கச்சி, டொக்டருக்குச் சொல்லாதேங்கோ. எனக்கு அடி இறங்குது. மீன் பெட்டியைத் தூக்கினா கோழிமுட்டை மாதிரி ஒண்டு வெளியில வருது. படுத்தா உள்ள போயிடுது."

சொல்லாதே என்கிறார், சொல்லாவிட்டால் வைத்தியமில்லை. "நானாச் சொல்லமாட்டன் அக்கா. நீங்கள் சொல்லுங்கோ, நான் மாத்தி மட்டும் விடுறன்" என்று திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன்.

சீலைக்குப் பின்னால் டொக்டர் அவரை இருமச் சொன்னார், முக்கச் சொன்னார், பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே விளக்கினார். கருப்பையைத் தாங்கிப் பிடிக்கிற தசைகள் தளர்ந்துவிட்டனவாம். பிள்ளைப்பேறுகளும், வருஷக்கணக்காகத் தூக்கிய பாரமும், மாதவிலக்கு நின்ற வயதும் சேர்ந்து செய்த வேலையாம். புற்றுநோய் இல்லை, வைத்தியம் இருக்கிறது என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பரமேஸ்வரி அக்கா 'புற்றுநோய் இல்லை' என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அதை மட்டும் மூன்று தரம் சொல்லவைத்தார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு மெய்யான கவலையோடு கேட்டார்: "நாலு வருஷமா கான்சர் எண்டுதான் நினைச்சிருந்தனான். மூத்தவளுக்குக் கழட்டிக் குடுத்த சங்கிலியை இனி என்ன சொல்லித் திருப்பிக் கேக்கிறது, தங்கச்சி?"

ஆறு மாதம்

இதை எழுதாமல் விடலாமா என்று பல நாள் யோசித்தேன்.

கிண்ணியாவிலிருந்து வந்த ரஹீமா உம்மாவுக்கு இதயம் பலவீனம். மயக்கமருந்து கொடுத்து ஓப்பரேஷன் செய்வது ஆபத்து என்று, அவருக்கு வளையம் வைத்தார்கள். அது வளைந்து கொடுக்கிற ஒரு பிளாஸ்டிக் வட்டம். உள்ளே பொருத்திவிட்டால் இறங்குகிற கருப்பையைத் தாங்கிப் பிடிக்கும். ரஹீமா உம்மா எழும்பி அங்குமிங்கும் நடந்து பார்த்தார், குந்திப் பார்த்தார், சிரித்தார். டொக்டர் என்னிடம், "ஆறு மாதத்துக்குப் பயமில்லை. அதுக்குள்ள கட்டாயம் வந்து வளையத்தை மாற்றவேணும் என்று சொல்லுங்கோ" என்றார். அன்று வெளியில் சனம் நெரிந்தது. எனக்கும் மத்தியானத்திலிருந்து அடிவயிறு இழுத்துக்கொண்டிருந்தது. எப்போது ஓரிடத்தில் உட்காருவேன் என்ற நினைப்பில் என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "ஆறு மாசத்துக்குப் பயமில்லை உம்மா."

அவர் திரும்பி வந்தது இரண்டு வருஷத்துக்குப் பிறகு. வாடையும் இரத்தக்கசிவும் இருந்தன. உட்காரக்கூட முடியவில்லை. வளையத்தை எடுக்கும்போது அவர் என் கையை நெரித்த நெரிப்பில் விரல்கள் வெளுத்துப்போயின. உள்ளே புண். டொக்டர் என் பக்கம் திரும்பி, "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை? சொன்னோம்தானே? கேளுங்கோ" என்றார். அவருடைய கிளினிக் கொப்பியில் திரும்பி வரவேண்டிய திகதி எழுதியிருந்தது, அது ஆங்கிலத்தில். ரஹீமா உம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது.

அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் எதைக் கேட்டு எதைச் சொன்னாலும் யாருக்கும் தெரியவராது. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, அந்தக் கிழவியின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் டொக்டரிடம், "திரும்பி வரச் சொல்லுறதை நான் சொல்லேல்லை" என்றேன். பிறகு ரஹீமா உம்மாவிடமும் தமிழில் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டொக்டர் கொப்பியை மூடிவைத்தார். "இனிமேல் நீங்கள் சொன்னதை அவர்களைத் திருப்பிச் சொல்லவையுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

புண் ஆறும்வரை வளையம் இல்லை, பூசுமருந்து மட்டும்தான். அந்த வாரங்களில் நான் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே இருப்பேன். புண் ஆறிவிட்டது. புது வளையம் வைத்த அன்று ரஹீமா உம்மா கட்டிலிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, என் முகத்தை நேரே பார்த்தார். "இப்ப சொல்லுங்க மகள், நான் எப்ப வரணும்? நீங்க சொன்னா நான் அப்படியே கேக்கிறவள்."

வாசலில் நின்றவர்

கிளிவெட்டியிலிருந்து வந்த சுதாவுக்கு முப்பத்தாறு வயது. வயல்வேலை. அவளுக்கு இறக்கம் தொடக்க நிலையில்தான் இருந்தது. இடுப்படித் தசைகளை இறுக்கிப் பழகினாலே நல்ல குணம் தெரியும் என்றார் டொக்டர். எப்படி இறுக்குவது என்று நான் எவ்வளவு சொல்லியும் சுதா வயிற்றை எக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தாள். "மூதூர் பஸ்ஸில மூத்திரம் முட்டிக்கொண்டு வரேக்க என்ன செய்வீங்கள்? அதுதான். ஆனா கக்கூசில இருந்துகொண்டு செய்யக்கூடாது" என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள். கொஞ்சநேரம் இறுக்கி, விட்டு, திரும்ப இறுக்கி, நாளுக்கு மூன்று வேளை, மாதக்கணக்காகச் செய்யவேண்டும். மலச்சிக்கல் வரவிடக்கூடாது, இருமலை இழுத்தடிக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லவைத்தேன். கடைசி ஒன்றில் மட்டும் அவள் குரல் இறங்கியது. "நெல்மூட்டையை ஆர் அக்கா தூக்குறது? அவருக்கு என்னெண்டு சொல்லுவன்? மாமி அறிஞ்சா ஊருக்கே சொல்லிப்போடுவா."

வேலை முடிந்து நான் வெளியே வந்தபோது வாசலில் அவள் புருஷன் நின்றார். சுதா மருந்தெடுக்க வரிசையில் நின்றாள். "அக்கா, அவவுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார். நோயாளியின் கதையை வெளியில் சொல்ல எனக்கு ஏலாது. "அவவையே கேளுங்கோ" என்றேன். "கேட்டா அழுறா. நாலு மாசமா என்னோட ஒழுங்காக் கதைக்கிறேல்லை. என்னை விட்டிட்டுப் போகப்போறாவோ எண்டுகூட நினைச்சனான்." பேசினால் அவளுக்குத் துரோகம். பேசாவிட்டால் இந்த மனுஷன் எதை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் என்று பயமாக இருந்தது. அவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தண்ணிக்குடத்தைத் தூக்கேக்க அவ முகம் சுருங்குறதைக் கண்டனான் அக்கா. பாரம் தூக்கலாமோ, கூடாதோ, அதை மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை அவவா சொல்லட்டும்."

வெளியில் நிற்கிற நோயாளி

எனக்கும் இறக்கம் தொடங்கி ஐந்து வருஷம். இத்தனை பெண்களைக் கட்டிலில் ஏற்றிவிட்டு நான் ஏறவில்லை. தெரிந்த டொக்டர், தெரிந்த தாதிமார், நாளைக்கும் முகம் பார்க்கவேண்டிய சனம். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வருவதை விட்டுவிட்டு பஸ்ஸில் வரத் தொடங்கினேன். வீட்டில் கேட்டதற்கு, சைக்கிளின் சீற் சரியில்லை என்றேன். ஒருநாள் வாளியோடு படியேறும்போது முழுதாக இறங்கிவிட்டது. பிறகு சிறுநீர் போக முடியவில்லை. கையால் உள்ளே தள்ளிய பிறகுதான் போனது. அன்று உண்மையாகப் பயந்தேன்.

மறுநாள் கிளினிக் முடிந்து டொக்டர் பையை எடுத்தபோது, "ஒரு ஆள் வெளியில நிக்குறா" என்றேன். "வரச் சொல்லுங்கோ." "வர வெக்கப்படுறா. என்னட்டச் சொல்லிவிட்டவ." டொக்டர் திரும்ப இருந்தார். வயது கேட்டார். சொன்னேன். எத்தனை பிள்ளை? "அவவுக்கு மூண்டு." எவ்வளவு காலமாக? "அஞ்சு வருஷமாம்." சிறுநீர் தடைப்படுகிறதா? "நேற்றிலிருந்து அவவுக்கு" என்று தொடங்கிய எனக்குச் சிங்களம் முறிந்துபோனது. தமிழும் வரவில்லை. டொக்டர் பேனையை மூடிவைத்தார். எழும்பிப் போய்க் கதவைப் பூட்டினார். வெளியில் யாரும் நிற்கவில்லை என்பதை அவர் பார்த்திருப்பார். திரும்பி வந்து, மறைப்புச் சீலையைத் தானே இழுத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, அந்த அம்மாவிடம் கட்டிலில் ஏறச் சொல்லுங்கோ."

நான் இல்லாத கிளினிக்

இறக்கம் கூடிவிட்டது, வளையம் நிற்காது, ஓப்பரேஷன்தான் என்றார்கள். எத்தனையோ பேருக்கு நான் விளக்கிய சம்மதப் படிவத்தை என் கையில் தந்தபோது ஒரு எழுத்தும் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற தாதிதான் வாசித்துக் காட்டினாள். துறைமுகத்தில் வேலை செய்கிற என் புருஷன் லீவு போட்டுவிட்டு வாட்டு வாசலில் இருந்தார், என்னைவிடப் பயந்துபோய். கருப்பையை எடுத்து, தளர்ந்த இடங்களைத் தைத்தார்கள். நாரிக்குள் கட்டிவைத்த கல்லை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் இருமல் வந்தால் தையல் விட்டுவிடுமோ என்று தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டே மூன்று வாரம் கிடந்தேன்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குப் போனேன். நான் இல்லாத காலத்தில் டொக்டர் தானே தமிழ் படித்திருந்தார். படித்தது ஏழெட்டு வசனம்தான். அதையும் செவிடருக்குச் சொல்லுவது மாதிரிச் சொல்லுவார். நான் உள்ளே நுழையும்போது நிலாவெளியிலிருந்து வந்த ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து இருந்தார். டொக்டர், "அம்மா! அடி இறங்குதா?" என்றார். அது கதவைத் தாண்டி, வெளியில் வாங்குப் பலகையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார், முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். "ஓம், இறங்குது" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: "இவ்வளவு சத்தமாக் கேக்கிறா எண்டா, இது வெக்கப்படுற வருத்தம் இல்லைப் போல."

மொத்தத்தில், இரண்டு பாஷை தெரிந்த எனக்கு என் வருத்தத்தைச் சொல்ல ஐந்து வருஷம் பிடித்தது என்றால், ஒரு பாஷையோடு வந்து ஒரே நாளில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரிகள்தான்.