என் அக்காள் முனியம்மாவும் எலும்பு மூட்டையும்

என் அக்காள் முனியம்மாவின் பேச்சை எடுத்தாலே, "யாரு, அந்த மண்டையோட்டுக்காரியா?" என்றுதான் கள்ளிக்குப்பத்தில் இன்றும் கேட்கிறார்கள். கேட்கிற வாயில் மண்ணைப் போட. கூடப் பிறந்தவள் நான் இருக்கிறேன், நடந்ததை நானே சொல்கிறேன்.

நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. வயலெல்லாம் தொழிற்பேட்டை எஸ்டேட் ஆனதும் அக்காள் ஒரு போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். அவள் புருஷன் துலுக்கானம் அதே எஸ்டேட்டில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். ஒரே மகள் மலர்க்கொடி. அவளுக்கு டாக்டர் படிப்பில் சீட்டு கிடைத்தபோது தெருவே பட்டாசு வெடித்தது. அம்மன் கோயில் தர்மகர்த்தா கன்னியப்பன் மாலை போட்டு, "நம்ம தெரு டாக்டரம்மா" என்றான். அந்த வருஷம்தான் நான் சேக்காட்டிலிருந்து அக்காளுக்கு அடுத்த வீட்டுக்குக் குடிவந்தேன்.

டாக்டர் படிப்பில் முதலில் எலும்புதான் பாடம். படித்து முடித்த சீனியர் பெண் ஒருத்தி தன்னிடம் இருந்ததை மலர்க்கொடிக்கு இரவல் கொடுத்தாள். ஒரு மண்டையோடு, நூலில் கோத்த முதுகெலும்பு, ஒரு கட்டு விலா எலும்பு. சமையல் மூலையில் உட்கார்ந்து, மண்டையோட்டின் அடியில் இருக்கும் ஓட்டைகளில் ஈர்க்குச்சியை விட்டு விட்டு, எந்த நரம்பு எதன் வழியாகப் போகிறது என்று அவள் மனப்பாடம் செய்வாள். படித்து முடித்ததும் அக்காள் அதைத் துணியால் துடைத்து அரிசி டிரம்மின் மேல் வைப்பாள்.

"பயமா இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"செத்தது இன்னாடி பண்ணும்? உசுரோட கீறதுங்கதான் பண்ணும்" என்றாள்.

தொண்ணூற்றொன்று, ஆடி மாதம். அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டின தெருவில் பிணம் கிடக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எதிர்வீட்டு ராஜம்மா ஜன்னல் வழியாக மண்டையோட்டைப் பார்த்துத் தொலைத்தாள். சாயங்காலத்துக்குள் வாசலில் கூட்டம்.

"காப்பு கட்டுன தெருவுல பொணத்த வெச்சிக்கினு ஆத்தாவுக்குக் கூழு ஊத்தறதா?" என்றான் கன்னியப்பன்.

"திங்கக்கெழம புள்ளைக்குப் பரீட்ச. முடிஞ்சா எடுத்துனு பூடுவா. அதுவரைக்கும் இங்கதான் இருக்கும்" என்று சொல்லி அக்காள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அக்காள் கம்பெனிக்கும் மகள் காலேஜுக்கும் போன நேரம் பார்த்து, துலுக்கானம் எலும்புகளை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனான். குழி வெட்டுகிற வேம்புலியைக் கூப்பிட்டு ஒரு குழி. மண்டையோட்டுக்கு மஞ்சள் பூசினானாம், பால் ஊற்றினானாம். "எந்த ஊட்டுப் பொண்ணோ, பாவம்" என்று அழுதானாம். மகள் அது பெண்ணுடைய மண்டையோடு என்று சொல்லியிருந்தாள். அவன் அழுத கதையை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

மலர்க்கொடி மதியமே திரும்பி வந்து அரிசி டிரம்மைப் பார்த்தாள். மேலே ஒன்றும் இல்லை. ஹாஸ்டல் பெண்களிடம் கேட்கலாம்தான். பரீட்சையை வைத்துக்கொண்டு எவள் தன்னுடையதைத் தூக்கிக் கொடுப்பாள்? இதில் தோற்றால் ஆறு மாதம் பின்தங்க வேண்டும். "போதும், நிறுத்து" என்று சொல்ல அப்பன்காரன் தயாராக இருந்தான்.

அன்றைக்கு அக்காளுக்கு மதியத்தோடு ஷிப்ட் முடிந்தது. விஷயம் தெரிந்ததும் புருஷனிடம், "எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"போவ வேண்டிய எடத்துக்குப் பூட்டுச்சு."

அவள் மண்வெட்டியை எடுத்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். சுடுகாட்டு வாசலில் வேம்புலி மறித்தான்.

"யக்கா, பொம்பள உள்ள வரக்கூடாது."

"பொம்பளையப் பொதைக்கலாம், பொம்பள வரக்கூடாதா? தள்ளுடா."

வேம்புலி நகர்ந்துகொண்டான். பட்டப்பகலில், ஆத்திரம் ஆத்திரமாக அவளே வெட்டினாள். அந்த வேகத்தில் மண்வெட்டி பட்டு விலா எலும்புகள் பொடிந்துபோயின. மண்டையோடும் முதுகெலும்பும் முழுசாகக் கிடைத்தன. முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து, தெருக் குழாயடியில், எல்லாரும் பார்க்க உட்கார்ந்து கழுவினாள்.

"உன் ஊட்டுக்கு இனிமே தண்ணியும் இல்ல, கூழும் இல்ல" என்றான் கன்னியப்பன்.

"உன் கூழ நீயே குடி" என்றாள் அக்காள்.

மலர்க்கொடி பரீட்சையில் தேறிவிட்டாள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு மனசு ஆறாதது வேறு.

அன்று சாயங்காலம் அந்தப் பெண், "வெலா எலும்பு பூடுச்சேம்மா, அதத்தான் மொதல்ல கேப்பாங்க" என்று அழுதாள். துலுக்கானம் வாசற்படியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அக்காள் பாயை விரித்துப் படுத்து, ரவிக்கையைத் தளர்த்தினாள்.

"எனுக்கும் அதே எலும்புதான கீது? தொட்டுப் பாத்துப் படி."

நெஞ்சு எலும்பில் ஒரு மேடு இருக்கும், அதை ஒட்டியிருப்பது இரண்டாவது விலா, அங்கிருந்து கீழே எண்ண வேண்டும் என்று எனக்கும் சொல்லிக்கொண்டே மலர்க்கொடி இடது பக்கம் விரலை ஓட்டினாள். மூன்று, நான்கு, ஐந்து. எட்டாவதில் விரல் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அங்கேயே தடவினாள்.

"யம்மா, இது ஒடைஞ்சு சேந்த எலும்பு."

"ஆமா."

"எப்போ?"

"நீ பத்தாவது எழுதச்சொல்ல. உங்கப்பன் உன் படிப்ப நிறுத்தச் சொன்னான், மாட்டேன்னேன். கொழாயடில போட்டு ஒதைச்சான். உன்கிட்ட வழுக்கி வுழுந்தேன்னு சொன்னேன்."

எனக்கும் அன்றுதான் தெரியும்.

"கொழாயடில யாரும் இல்லியா?" என்று மலர்க்கொடி கேட்டாள்.

"ஏன் இல்ல? ராஜம்மா இருந்தா. கன்னியப்பன் இருந்தான். எல்லாரும் தண்ணி புடிச்சிக்கினு இருந்தாங்க."

வாசலில் துலுக்கானம் அடுத்த பீடியைப் பற்றவைத்தான். எல்லாம் அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மலர்க்கொடி எழுந்து போனாள், அப்பன் முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, ஒன்பதாவது எலும்பிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.